ஏறாத மிளகு

என் அக்காவிடம் ஒரே ஓர் இலையைக் கொடுத்தால் போதும், அதிலிருந்து ஒரு செடியை உண்டாக்கிவிடுவாள் என்று ஆசிரியர் அறையில் நான் பெருமை அடித்திருக்கிறேன். அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. இருபத்தெட்டு வருடம் அவள் பார்த்த வேலையே அதுதான். தோட்டத்துத் தவறணையில், அதாவது தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில், தாய்ச் செடியிலிருந்து வெட்டிய தண்டுகளைப் பைகளில் நட்டு வேர்விட வைப்பாள். ஓர் இலை, அதற்கடியில் சுண்டுவிரல் நீளத்தில் தண்டு, ஒரு கன்றுக்கு அவ்வளவுதான் முதல். எங்கள் தோட்டத்தில் இன்று கொழுந்து எடுக்கும் மலைகளில் பாதி மலை அக்காவின் கையில் வேர்விட்டது. அதில் ஒரு செடிகூட அவளுடையது இல்லை.

அவளுடையது என்று இருந்தது ஒரு மிளகுக் கொடி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அவள் குடியிருந்த கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு முள்முருங்கை மரம் நின்றது. அதில் அடியிலிருந்து நுனிவரை பச்சைப் போர்வை போர்த்தியது போல ஏறியிருந்தது. அத்தான் நட்டது. கல்யாணமான வருடம் பசறைப் பக்கம் வேலைக்குப் போனபோது, அங்கே யாரிடமோ கேட்டு ஒரு துண்டுக் கொடியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாராம். லயம் தோட்டத்தினுடையது, மண் தோட்டத்தினுடையது, முள்முருங்கையும் தோட்டத்தினுடையது. "கொடி மட்டும் நம்மளது" என்பார் அத்தான். மிளகு பழுக்கும் காலத்தில் ஏணி வைத்து ஏறி, கீழே அக்கா விரித்துப் பிடித்த சாக்கில் சரம் சரமாகப் பறித்துப் போடுவார். நெஞ்சுவலி வந்து அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தானுக்குப் பிறகு அக்காதான் ஏணியில் ஏறினாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் உதவிக்கு வந்தாலும் ஏற விடமாட்டாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பதுளை நகரத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அக்காவைவிடப் பத்து வயது இளையவள். என்னைப் படிக்க வைத்தது அவளுடைய தவறணைச் சம்பளம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கான காரணங்களை எழுத இது இடமும் இல்லை. எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பொறுமை மருந்துக்கும் கிடையாது. சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஆள் நான். ஐம்பதை நெருங்கும் என்னை அக்கா இன்னமும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களும் ஆட்களும் புதைந்ததற்குப் பிறகு எங்கள் மலைகளில் மழை வெறும் மழையாகப் பெய்வதில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்தால் லயத்தில் எல்லோரும் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு தரையைப் பார்ப்பார்கள். அந்த வருடக் கடைசி மழையில் அக்காவின் லயத்துக்கு மேலே, கோயிலுக்குப் போகும் பாதையை ஒட்டி, ஒரு வெடிப்பு கண்டது. குடை நுனியை விட்டால் உள்ளே போகும் அளவுக்கு இருந்ததாம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், இனி இங்கே இருக்கக் கூடாது என்றார்கள், சிவப்பு நாடா கட்டினார்கள். எல்லோரையும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்க வைத்தார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் அக்கா அந்த மண்டபத்தில் பாயில் படுத்தாள். நான் போய்ச் சண்டை போட்டுத்தான் அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். "எல்லாரும் இங்க இருக்கையில நான் மட்டும் வர்றதா?" என்றாள். "ஒங்க காலு வீங்கியிருக்கு, அத மொதல்ல பாரு" என்று நான் கத்தியதில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. கோபம் வந்தால் எனக்கு நீ, நீங்க எல்லாம் கலந்துவிடும். அவள் இரண்டு பைகளோடு பஸ் ஏறினாள்.

என் வீடு, ஒரு கட்டடத்தின் மேல்மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் தண்ணீர்த் தாங்கி வைத்த திறந்த மாடித்தட்டு. வந்த நாளிலிருந்து அக்கா ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைப்பாள். டிவியைப் போடலாமா என்று கேட்பாள். "பாப்பா, இந்தக் கப்ப எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுவாள். பல வருடம் தனியாக இருந்து பழகிய எனக்கு அது வசதியாகவே இருந்தது. அக்காவுக்கு எவ்வளவு மரியாதை என்றுகூட நினைத்தேன். மண்டு நான்.

தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள், சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"பாப்பா, இன்னொரு மழைக்கு அந்த மண்ணு நிக்காது. மண்ணு போனா அவரு கொடியும் போயிரும்."

"அதுக்கு?"

"வெட்டிட்டு வந்து பையில போட்டுட்டா பொழைச்சுக்கும். வீடு குடுக்கிற அன்னிக்கு கொண்டுபோயி நட்டுருவேன்."

அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளே வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். தன்னுடையது என்று ஒரு வீடு கிடைக்கும், அங்கே அத்தானின் கொடி ஏறும். அந்த எண்ணத்தில்தான் அவள் மண்டபத்தையும் என் மேல்மாடியையும் சகித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும் என்பது தவறணைச் சட்டம். நான் தண்ணீர் ஊற்றிய பேசினைப் பிடித்துக்கொண்டு சிவப்பு நாடாவுக்குக் கீழே குனிந்து போனேன். பாடசாலையில் சட்டம் பேசுகிறவள் செய்கிற வேலையா இது என்று எனக்கே தோன்றியது. லயத்தில் ஆளில்லை. கதவுகள் மட்டும் பூட்டிக் கிடந்தன. முள்முருங்கை நின்றது. கொடி, நாங்கள் வரவில்லையே என்ற கவலை எதுவும் இல்லாமல் செழித்திருந்தது.

மரத்தடியில் தரையோடு ஓடிய கொடிகள் நிறையக் கிடந்தன. கணுவுக்குக் கணு பொடி வேர் விட்டிருந்தன. நான் அவற்றைக் காட்டினேன்.

"இதுலயே வேரு இருக்கே அக்கா. இத எடுத்தா என்ன?"

அக்கா அவற்றைக் காலால் ஒதுக்கினாள். "மண்ணுல பொரண்டத நாங்க தவறணைக்குள்ள எடுக்க மாட்டோம், பாப்பா. நோவு வந்துரும். மேல காய்க்கிற கொப்புல வெட்டணும். காய்ச்ச கொப்புல வெட்டினாத்தான் காய்க்கிற கன்னு வரும்."

ஏணியைச் சாத்தி ஏறினாள். நன்றாகக் காய்த்த பக்கக் கொப்புகளாகப் பார்த்து, தேயிலையில் செய்வது போலவே நுனியின் இளசையும் அடியின் முற்றலையும் தள்ளி, நடுப்பகுதியை மட்டும் ஓர் இலை, ஒரு கணு என்று சாய்வாக வெட்டிப் பேசினில் போட்டாள். கத்தி போன வேகத்தைப் பார்க்க எனக்குக் கர்வமாக இருந்தது. தவறு அங்கேதான் நடந்தது. தேயிலைக்குச் சரியானது மிளகுக்குச் சரியில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பைகளுக்கு நான் ஏற்பாடு செய்தேன். ஆசிரியர் அறையில் சொல்லிவைத்து, காலி பால்மா பைகளை ஒரு மூட்டையாகச் சேர்த்திருந்தேன். அக்கா ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை போட்டு, சலித்த மண்ணை நிரப்பினாள். அறுபத்து நாலு பைகள். தண்ணீர்த் தாங்கியின் நிழலில் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு. கணித ஆசிரியையின் மனது குளிர்ந்தது. இலை மண்ணில் படக் கூடாது, எல்லா இலையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்று அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். உடைந்த குடைகளின் கம்பிகளை வளைத்து மேலே ஊன்றி, என் புது மெத்தை வந்த பொலித்தீனை அதன்மேல் போர்த்தி, ஓரங்களை மண்போட்டு மூடினாள். பார்த்தால் ஒரு சின்னக் கூடாரம்.

"ஆறு வாரத்துக்கு இத யாரும் தொறக்கக் கூடாது" என்றாள். "உள்ள இருக்கிற ஈரம் உள்ளயே சுத்தணும். தொறந்தா எல வாடும், அப்புறம் தண்டு கறுக்கும்."

அன்றைக்கு அவள் ஒரு கதையும் சொன்னாள். தவறணைக்கு ஒருமுறை தோட்ட மேலாளரான பெரிய துரையே வந்து, கூடாரத்தைத் திற, பார்ப்போம் என்றாராம். அக்கா கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "வேரு வந்தப்புறம் வாங்கய்யா" என்றாளாம். கங்காணி பயந்து போய்ப் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாராம். துரை சிரித்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அக்கா இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மிடுக்கு வந்தது. என் வீட்டுக்கு வந்தபிறகு அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு மாடித்தட்டில் பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பார்களே, அதுதான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கூடாரத்துக்கு முன்னால் நிற்பாள். பொலித்தீனின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே வருவாள். தொடமாட்டாள்.

நான் தொட்டேன்.

நாலாம் நாள் பின்னேரம், அக்கா குளிக்கப் போன நேரம், ஓர் ஓரத்து மண்ணை விலக்கி ஒரு விரலளவு தூக்கிப் பார்த்தேன். எல்லாம் பச்சையாக இருந்தது. மண்ணை மூடிவிட்டேன். ஒருமுறை பார்த்ததோடு விட்டிருந்தால் நான் நானில்லை. அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாள் இரண்டு விரல். பிறகு பாடசாலை விட்டு வந்ததும் முதல் வேலை அதுவாகிப் போனது. பரீட்சைத் தாளைத் திருத்திப் புள்ளி பார்க்கும் வரை தூக்கம் வராத புத்தி, செடியிடமும் போய்ப் புள்ளி கேட்டது. மூன்றாவது வாரம் ஒரு படி மேலே போய், ஒரு தண்டை மெல்ல வெளியே இழுத்து வேர் வந்திருக்கிறதா என்றே பார்த்தேன். வரவில்லை. திரும்பச் செருகினேன். நாலைந்து தண்டுகளுக்கு இந்தப் பரீட்சை நடந்தது.

ஐந்தாவது வாரம் பொலித்தீனுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. வரிசை வரிசையாக இலைகள் கறுத்துக் கொண்டுவந்தன. ஆறு வாரம் முடிந்து அக்கா கூடாரத்தைத் திறந்தபோது அழுகல் வாடை வந்தது. அறுபத்து நாலில் ஏழுதான் பச்சையாக நின்றன. அந்த ஏழில் நாலு அடுத்த வாரம் போயின. மீதி மூன்று.

அக்கா தாங்கியின் அடியில் குந்தியிருந்து, செத்த தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பக்கமாகப் போட்டாள். கடைசித் தண்டைப் போட்டதும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் கைராசி போயிருச்சு, பாப்பா."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் நாள்முழுக்கப் பிள்ளைகளிடம் உண்மை பேசு, உண்மை பேசு என்று தொண்டை கிழியக் கத்துகிற எனக்கு, அன்று என் சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வெட்கம். வேறொன்றும் இல்லை. "வெயில் கூடிப்போச்சு அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுபடி ஒருமுறை போய் வெட்டிவருவோம் என்று அக்கா சொன்னாள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் போகலாம் என்று நாள் குறித்தோம். விடுமுறைக்கு முந்தின வாரம் பின்னேரங்களில் இடியோடு மழை ஊற்றியது. வியாழக்கிழமை பழைய பக்கத்துக் காம்பராக்காரி தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டாள். வெடிப்புக்குக் கீழே இருந்த மண் மொத்தமாக இறங்கிவிட்டது. ஆட்கள் யாரும் அங்கே இல்லாததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. லயத்தின் கடைசி மூன்று காம்பராக்களைக் காணோம். முள்முருங்கையைக் காணோம்.

போய்ப் பார்த்தோம். கிட்டே விடவில்லை, ரோட்டில் நின்றே பார்த்தோம். பச்சை மலையில் மேலிருந்து கீழ்வரை செம்மண் உரிந்து கிடந்தது. கொடி எந்த இடத்தில் நின்றது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன், பஸ் நிலையம் வரை அழுதேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த மூணுக்கும் பெரிய வாளி எங்க வாங்கலாம்?"

பெயிண்ட் வாளிகள் மூன்று கிடைத்தன. கன்றுகள் அதில் நன்றாகப் பிடித்துக்கொண்டன. அக்கா ஒவ்வொரு வாளியிலும் ஆள் உயரக் கம்பு நட்டு, ஏறுவதற்கு வழி செய்தாள். கன்றுகள் ஏறவில்லை. பக்கவாட்டில் கொப்பு விட்டன. பழைய சேலையின் கரையைக் கிழித்து அவள் கம்போடு கட்டினாள். கட்டை அவிழ்த்தால் அப்படியே சாய்ந்து கொண்டன. ஆவணி மாதம் வரை இந்த மல்லுக்கட்டு நடந்தது. ஒருநாள் அவள் சேலைக் கரைகளை எல்லாம் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டாள்.

"அவரு கொடி ஏறும், பாப்பா. பசறையில இருந்து வந்த அன்னைக்கே மரத்தப் புடிச்சிச்சு. இது அவரு கொடி இல்ல. எங்கயோ கெட்டுப் போச்சு."

அவள் குரலில் இருந்த வெறுமையை எனக்குத் தாங்க முடியவில்லை. அடுத்த நாளே ஒரு வாளியை ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். அங்கே மிளகு, கிராம்பு, கோப்பி எல்லாம் வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருக்கிறார், எங்களுக்கு அவர் நானா. அத்தான் உயிரோடு இருந்தபோது மிளகு கொண்டுபோய்ப் போட்டதும் அந்தக் கடையில்தான். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கால வெட்டின, டீச்சர்?"

"காய்ச்ச கொப்புல, நானா."

"அதான். காய்க்கிற கொப்புல வெட்டினா இது ஏறாது. ஏறணும்டா அடியில ஓடுற கொடியில, இல்லாட்டி மரத்தப் புடிச்சிக்கிட்டு போற கொடியில வெட்டணும். அதோட ஒரு கணு காணாது, மூணு நாலு கணு வேணும். ஒரு கணுவுல இது பொழச்சீக்கிறதே பெரிய விஷயம்."

"அப்ப இது கெட்டுப்போன செடியா?"

"சீச்சீ! அதே கொடிதானே. சாதி மாறல்ல. இது ஏறாது, செடியா நிக்கும். இடுப்பு ஒயரத்துலயே காய்க்கும் பாருங்க. இதுக்கு மரமும் தேவல்ல, காணியும் தேவல்ல. வாளியே போதும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவரு கொடிதான?"

"அதே கொடிதான்."

"கால்ல எத்திவிட்டேனே பாப்பா, அந்தக் கொடிய எல்லாம். இருபத்தெட்டு வருசம் தேயிலைய வெட்டுன கையி, மொளகையும் தேயிலைனே நெனச்சிருச்சு. அப்ப அந்த அறுவது செத்ததும் என்னாலதான்."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலாம் நாள் தொடங்கியது, தினம் திறந்தது, தண்டை இழுத்துப் பார்த்தது, கைராசி போயிருச்சு என்று அவள் சொன்ன அன்று வாயை மூடிக்கொண்டு உள்ளே போனது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஓரத்து மண்ணு தெனமும் புதுசா இருந்துச்சே. காலையில நான் பாக்குறதுதானே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த சொல்லல? பெரிய தொரையவே தொறக்க விடாத ஆளு நீ!"

அக்கா வாளியில் இருந்த ஒரு காய்ந்த சருகை எடுத்து வெளியே போட்டாள். கோபமே இல்லாமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒன் வீடு, பாப்பா. நான் என்னத்த சொல்ல?"

அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. கப்பை எடுக்கலாமா என்று கேட்டதும், டிவியைப் போடலாமா என்று கேட்டதும் வரிசையாக என் கண்முன் வந்தன. தவறணையில் ஒரு துண்டு மண்ணும் அவளுக்குச் சொந்தமில்லை, ஆனால் அங்கே கூடாரத்துக்கு முன்னால் போய் நிற்க அவளுக்கு ஓர் உரிமை இருந்தது. அவள் படிக்க வைத்த தங்கையின் வீட்டில் அது இல்லை. தன் கண்முன்னால் அத்தானின் கொடி சாகிறது என்று தெரிந்தே, ஆறு வாரம், அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இது ஒன் வீடும்தான் அக்கா" என்றேன். "ஆமா, ஆமா" என்றாள், அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற குரலில். நான் சொல்லிவிட்டதால் மட்டும் அது அப்படி ஆகிவிடாது என்று எனக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து சமையலறைச் சாமான்களை அவள் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கச் சொன்னேன். கேட்டுக் கேட்டுத்தான் அடுக்கினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது செடிகளில் பூத்திரிகள் வந்தன. முழங்கால் உயரம்கூட இல்லாத செடியில், இலைக்கு எதிர்ப்பக்கம், நூல் போல வெளிர் பச்சையில் தொங்கின. அக்கா மாடித்தட்டிலிருந்து என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரரும் மேலே வந்துவிட்டார். ஏணி இல்லாமல் கிட்டத்தில் இருந்து மிளகுப் பூவை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். "அவரு பாத்திருந்தா நம்பியிருக்க மாட்டாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீடு கிடைக்க அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஏழு பேர்ச் துண்டுக் காணியில் இரண்டு அறை வீடு. சாவியைக் கொடுத்தார்கள். காணி உறுதிப் பத்திரத்தைப் பிறகு தருவார்களாம். அக்கா போகும்போது இரண்டு வாளிகளைத்தான் லொறியில் ஏற்றினாள். மூன்றாவதைத் தாங்கியின் அடியிலேயே விட்டுவிட்டாள்.

"அது ஒனக்கு. எத்தன தடவ வேணும்னாலும் இழுத்துப் பாத்துக்க" என்றாள். லொறிக்காரருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவள் என்னைக் கிண்டல் செய்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டு கையசைத்தேன்.

பாடசாலை விடுமுறை விட்டதும் முதல் முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். புதுச் சுண்ணாம்பு வாசம் இன்னும் இருந்தது. வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு வாளிகள். செடிகள் என் இடுப்பு வரை வளர்ந்து சரம் சரமாகக் காய்த்திருந்தன. பக்கத்தில் வெறும் நிலம் கிடந்தது.

"இவ்வளவு மண்ணு இருக்கே, எறக்கி நடக் கூடாதா?" என்றேன்.

"உறுதி என் கைக்கு வரட்டும். அது வரைக்கும் வாளியிலயே இருக்கட்டும். அடுத்தவங்க மண்ணுல நட்டது போதும்."

வாசல்படியில் உட்கார்ந்தேன். அருகில் இருந்த செடியில் ஓர் இலை லேசாக மஞ்சள் கண்டிருந்தது. சும்மா இருக்குமா என் கை? கிள்ளிவிடலாம் என்று நீட்டினேன்.

பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"தொடாத! என் வீட்டுல என்னயக் கேக்காம கைய வைக்காத, சொல்லிட்டேன்!"

அக்கா எனக்கு முன்னால், செடியை மறைத்துக்கொண்டு நின்றாள். பெரிய துரைக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பாள். புறங்கை சுள்ளென்று எரிந்தது. ஐம்பது வயதில் அடி வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் வேறு யாரும் இருக்க மாட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

"எந்தக் கப்ப எடுக்கட்டும் அக்கா?" என்றேன்.

"நீ ஒண்ணையும் எடுக்க வேணாம். நான் கொண்டாறேன், ஒக்காரு."

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.